ஹேண்டிகேப் கணக்கும் சின்னப்பம்பட்டி யார்க்கரும்

பத்துப் பின் பவுலிங்கில் கைதேர்ந்தவரையும், பந்தைக் கும்பிட்டு உருட்டிவிடுபவரையும் ஒரே போட்டியில் மோதவிடப் பொழுதுபோக்கு லீக்குகள் போடும் கணக்குதான் ஹேண்டிகேப். லீக் ஓர் அடிப்படை எண்ணை வைத்துக்கொள்ளும். 220 என்று கொள்வோம். அதிலிருந்து ஆட்டக்காரரின் சராசரியைக் கழித்து, மீதியில் 90 சதவீதத்தை ஒவ்வோர் ஆட்டத்திலும் இனாமாகக் கூட்டும். சராசரி 150 என்றால் 63 பின், 200 என்றால் 18. இருவரும் வழக்கம்போல ஆடினால் 213-க்கு 218. அந்த ஐந்து பின், வல்லவருக்கு லீக் மிச்சம் வைக்கும் மரியாதை. நூறு சதவீதம் கொடுக்கும் லீக்கில் அதுவும் கிடையாது.

தொடர்ந்து பன்னிரண்டு ஸ்டிரைக் அடித்தாலும் 300-ஐத் தாண்ட முடியாத விளையாட்டு இது. ஆனால் 150 சராசரிக்காரர் என்றோ ஒருநாள் 250 அடித்துவிட்டால் அவர் கணக்கில் 313 ஏறும். ஆகவே ஹேண்டிகேப் கூட்டிய எண்ணை வைத்து இருவரில் யார் நல்ல பவுலர் என்று கேட்பது வீண். அன்றைக்குத் தன் வழக்கத்தை மீறியவர் யார் என்பதை மட்டுமே அது சொல்லும். வாரப் பரிசுக்கு அது போதும். திறமையை அளக்க இனாம் சேராத வெறும் சராசரியைத்தான் பார்க்க வேண்டும். அதையும் நிறைய ஆட்டங்கள் முடிந்த பிறகு பார்ப்பது நல்லது.

இதில் கள்ளமும் உண்டு. சீசன் தொடக்கத்தில் ஓரத்துப் பள்ளத்தில் உருட்டிச் சராசரியைத் தாழ்த்திக்கொண்டு, பரிசு நெருங்கும்போது விழித்துக்கொள்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால்தான் பல லீக்குகள், நாமக்கல்லில் முட்டை விலையை அடிக்கடி மாற்றி அறிவிப்பதுபோல, சராசரியை வாராவாரம் திருத்துகின்றன.

சேலம், நாமக்கல் பக்கம் பவுலர் என்றால் டென்னிஸ் பந்து கிரிக்கெட் பவுலர்தான். அவருக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓவருக்கு 6 ரன் அடிப்படை. 11 ரன் கொடுத்துப் பழகியவருக்கு ஓவருக்கு 4.5 ரன் தள்ளுபடி. அந்த அரை ரன்னை எந்தப் பக்கம் எழுதுவது என்பதிலேயே ஒரு ஞாயிறு போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் மைதானம். பவுலிங் தளத்தின் நீளமும் அகலமும் ஊருக்கு ஊர் மாறாது. இங்கே ஒரு பக்கம் மரவள்ளிக்காடு கூப்பிடு தூரத்தில் பவுண்டரியாக நிற்கும், மறுபக்கம் எல்லையே இருக்காது. எந்தப் பக்கத்திலிருந்து வீசினார், கேட்சை விட்டவர் யாருடைய மச்சான் என்பதெல்லாம் சராசரிக்குள் கலந்துவிடும். சராசரியே பொய் என்றால் அதில் 90 சதவீதம் எடுத்து என்ன பயன்?

ஊர்ப் பையன்கள் ஏட்டில்லாமலே வேறொரு முறை வைத்திருக்கிறார்கள். சின்னவனுக்கு முதல் பந்து ட்ரை பால். ஆள் கூடினால் ஒருவன் ஒப்புக்குச் சப்பாணி. வைடுக்கு மேல் வைடு போட்டால் பேபி ஓவர் என்று பாதியிலேயே பந்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். இந்தச் சலுகைகளை யாரும் சதவீதத்தில் கணக்கிடுவதில்லை, சண்டை போட்டுத்தான் முடிவு செய்வார்கள். லீக் குமாஸ்தாவின் கணக்கைவிட இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

மைதானத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடும் பந்து ஒன்று உண்டு. மட்டைக்காரரின் காலடியில் விழும் யார்க்கர், எழும்ப இடமில்லாததால், தரை மேடா பள்ளமா என்று பார்ப்பதில்லை. டென்னிஸ் பந்தோ குத்தினால் துள்ளும். துள்ளினால் காட்டுக்குள் போகும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த டி. நடராஜனுக்கு யார்க்கர் பெயர் வாங்கித் தந்ததில் வியப்பில்லை. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அவர் இந்தியாவுக்காக அறிமுகமானார். அதற்கெல்லாம் முன்பு, 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவர் வீசினார், ஆறும் யார்க்கர். எதிரே ஆடியது டூட்டி பேட்ரியாட்ஸ். அந்த அணிதான் பின்னாளில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று பெயர் மாறியது.