நடுநிலை சார்

எங்கள் கிளை நூலகத்துக்கு ஐந்து தமிழ்ப் பேப்பர் வருகிறது. நடுநிலை சார் உள்ளே நுழைந்துவிட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் வராது. ஐந்தையும் நீள மேஜையில் விரித்து, பையிலிருந்து ஒரு அடி மர ஸ்கேலை எடுப்பார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கை சும்மா இருக்குமா?

"சார், ஒண்ணு மட்டும் குடுங்களேன்."

"ஒரே பேப்பரைப் படிச்சா ஒருதலைப்பட்சமாப் போயிடும் தம்பி."

அதனால் நாம் எதையுமே படிக்காமல் நடுநிலையாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அமைச்சர் பேச்சு 62 சென்டிமீட்டர், அதற்கு எதிர்க்கட்சித் தலைவரின் பதில் 11 என்று நோட்டில் ஏறும். அந்த 11-உம் ஏழாம் பக்கத் தொடர்ச்சியில், கண்ணீர் அஞ்சலிக்கு மேலே என்றால் சிவப்பு மையில் ஒரு சுழி. பத்தி அகலம் பேப்பருக்குப் பேப்பர் மாறுவதால் சதுர சென்டிமீட்டருக்கு மாற்றிக்கொள்ள ஒரு தனி வாய்பாடு வேறு வைத்திருக்கிறார். முரசொலியையும் தீக்கதிரையும் அளப்பதில்லை. "அவங்க கொடியைச் சட்டையிலேயே குத்திக்கிட்டு வர்றாங்க. உள்ளே மறைச்சுக்கிட்டு வர்றவனைத்தான் பிடிக்கணும்."

மனிதர் பிடிக்கவும் செய்கிறார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பொதுக்கூட்டச் செய்தியில் காலி நாற்காலிப் படம் போட்டிருந்தார்கள். கூட்டமே சேரவில்லை என்று நாங்கள் சிரித்தோம். சார் ஸ்கேலை நாற்காலியின் நிழல்மேல் வைத்தார். "வெயில் நிழல் தம்பி. தலைவர் பேசினது ராத்திரி எட்டு மணின்னு இவனே கீழே எழுதியிருக்கான். பந்தல்காரன் நாற்காலி போட்டப்பவே எடுத்துட்டுப் போயிட்டான்."

2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானதை சன் டிவியிலும் ஜெயா டிவியிலும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதுதான் சாருக்கு ஞானம் பிறந்ததாம். ஒன்றில் போலீஸ் அவரை இழுக்கிறது. மற்றதில் அவரோடு இருந்தவர்கள் போலீஸைத் தள்ளுகிறார்கள். "ரெண்டும் பொய்யில்லை. எந்த இடத்துல வெட்டினான்னுதான் பார்க்கணும்" என்பார். அன்றிலிருந்து எதையும் முதலாளி யாரென்று கேட்காமல் படிப்பதில்லை. பத்திரிகைகள் ஆண்டுக்கொரு முறை, மார்ச் வாக்கில், உரிமையாளர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று படிவம் ஒன்றைப் பொடி எழுத்தில் வெளியிடும். தமிழ்நாட்டில் அதை ஆசையாகத் தேடிப் படித்த வாசகர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். படித்தால் பரவாயில்லை, கத்தரித்துக்கொள்வார். பின்பக்கத்துக் குறுக்கெழுத்துப் புதிரில் மேலிருந்து கீழ் மொத்தமும் போய்விடும்.

போன தேர்தல் சமயத்தில் ஒரு நாள் அதிசயம் நடந்தது. ஒரு பேப்பரில் இரண்டு அணிக்கும் அட்சரம் பிசகாமல் 48, 48. போட்டோகூட ஒரே அளவு. இன்றாவது சார் மனம் குளிர்ந்து பேப்பரை விடுவார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். மறுபடி அளந்தார். முகம் கறுத்துவிட்டது.

"இது நடிப்பு. அளந்து போட்டிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பேப்பரில் முதல் பக்கம் முழுக்க விளம்பரம். ஒரு கட்சியின் சாதனைகள், செய்தி மாதிரியே தலைப்பு, செய்தி மாதிரியே பத்தி. மூலையில் 'விளம்பரம்' என்று எறும்பு அளவு எழுத்து. உண்மையான முதல் பக்கத்தைத் தேடி மூன்றாம் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. இவ்வளவு பணம் கொடுக்கிறவரைப் பற்றி நாளைக்கு இந்தப் பேப்பர் என்ன எழுதிவிடும்? அந்த முழுப் பக்கத்தை ஏன் அளக்கவில்லை என்று கேட்டேன்.

"விளம்பரம் செய்தியில்லையே தம்பி" என்று அதைப் புரட்டிவிட்டு, நான்காம் பக்கத்தில் ஸ்கேலை வைத்தார்.

மணி பதினொன்று. ராசிபலன்கூட இன்னும் கைக்கு வரவில்லை.