பெடலுக்குப் பட்டுச்சட்டை

கட்-பீஸ் கடையில், ஒரு கையில் குட்டி அலுமினியப் பெட்டியும் மறு கையில் இஞ்ச் டேப்புமாக ஓர் ஆண்பிள்ளை நின்றால், அவர்தான் நம்மவர். "பிளவுஸ் பிட்டா சார், 80 சென்ட்டியா, ஒரு மீட்டரா?" என்று பையன் கேட்பான். "19க்கு 14 சென்டிமீட்டர் போதும் தம்பி" என்பார் இவர். பையன் கல்லாவைத் திரும்பிப் பார்ப்பான். கல்லாவிலிருந்து தீர்ப்பு வரும்: "கால் மீட்டருக்குக் கீழே கிழிக்க மாட்டோம் சார்."

நம்மவர் பகலில் வங்கி அதிகாரி, ராத்திரியில் பெடல் ஆசாரி. கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடந்து மிதி வாங்குமே ஒரு பெட்டி, அதைக் கடையில் வாங்காமல் தானே கட்டுகிறவர். ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரக்கும், இன்னொன்றை மிதித்தால் எதிரொலிக்கும். கல்லூரி நாளில் ஒரு பேண்டில் வாசித்தவர்தான். இப்போது அவர் வாசித்து முழுசாக ஒரு பாட்டுக் கேட்டவர் யாரும் இல்லை. பெடல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் அளவுக்கு நாலு ஸ்வரம், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் சத்தத்துக்காகத்தான் நடந்தது. சனிக்கிழமையானால் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள். ஜேஆர்சி 4558 ஐசியைக் கையில் வாங்கி, "இபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடல்ல இருக்கிற அதே ஐசிண்ணே" என்று கண் கலங்குவார். "ஸ்பீக்கர் செட் போர்டுல போடுறதுதான சார், பத்தா தரட்டுமா?" என்பார் கடைக்காரர். காயலான் கடையில் செத்துக் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து, ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இருக்கிறதா என்று துழாவுவார். வெயில் ஏறினால் அதன் சத்தம் மாறிவிடும். அதனால் சித்திரை மாசத்தில் அந்த ஒரு பெடலுக்கு மட்டும் டேபிள் ஃபேன் உண்டு.

அப்புறம்தான் துணி வந்தது. பெயின்ட் அடித்துப் பார்த்தார், வழிந்தது. ஸ்டிக்கர் ஒட்டினார், உரிந்தது. வீட்டில் கிடந்த பழைய லுங்கித் துண்டை ஒட்டினார், உட்கார்ந்துகொண்டது. அன்று பிடித்ததுதான்.

துணி ஒட்டுவது லேசான வேலை இல்லை, அதையும் சொல்ல வேண்டும். ஓட்டையெல்லாம் முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஒட்டிய பிறகு டிரில்லை வைத்தால் ஒரே ஒரு நூல் பிட்டில் மாட்டி, மொத்தத் துணியும் ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டு வந்துவிடும். அலுமினியத்தை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பிரஷ்ஷால் தடவ வேண்டும். தண்ணீர் கூடினால் சுங்குடிச் சாயம் இறங்கி வெள்ளைப் புள்ளியெல்லாம் ரோஸாகிவிடும், குறைந்தால் ஓரத்தில் கொப்புளம். நாலு மூலையிலும் மடிப்பைக் கத்தரித்துப் பொருத்த வேண்டும். உள்பக்கம் துணி தடித்துவிட்டால் மூடி உட்காராது, ஸ்க்ரூ மரைக்கு எட்டாது. காய்ந்தபின் ஓட்டைகளைத் திறப்பதில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார். பாலியெஸ்டர் என்றால் சால்டரிங் அயர்ன் முனையால் தொடுவார், ஓரம் உருகித் தானே இறுகிக்கொள்ளும். பருத்தியில் அந்த வித்தையைக் காட்டப் போனால் கருகும், வீடே சாமியார் மடம் போல மணக்கும்.

சத்தத்துக்கேற்ற துணி வேண்டும் என்று ஒரு சாத்திரமும் எழுதிவிட்டார். ஃபஸ் பெடலுக்குச் செட்டிநாட்டுக் கண்டாங்கிக் கட்டம். டிஸ்டார்ஷனுக்குக் கைலி. டிலே பெடலுக்கு மதுரைச் சுங்குடி, ஒவ்வொரு புள்ளியும் ஓர் எதிரொலியாம். சத்தத்தை மட்டும் கூட்டும் பூஸ்டருக்கு வெள்ளை வேட்டி, மயில்கண் கரையோடு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் இந்தச் சாத்திரத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மனைவி சிரித்தால் வரலாற்றை இழுப்பார். "1968ல ஃபெண்டர் கம்பெனியே டெலிகாஸ்டர் கிட்டார் மேல பூப்போட்ட சுவர்க்காகிதம் ஒட்டி வித்திருக்கான். அதுக்கு முந்தி அவங்க ஆம்ப்ளிஃபயருக்கெல்லாம் ட்வீட் துணிதான் போர்த்தினாங்க, தெரியுமா?"

"அவன் காகிதம் ஒட்டினான். பொண்டாட்டி புடவையையா வெட்டினான்?"

புடவை விஷயம் வந்தது ஜரிகையால். பட்டில் ஒரு கோரஸ் பெடல் கட்ட வேண்டும் என்று ஆசை. அசல் ஜரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. மின்சாரம் பாயும். மடிப்பு உள்ளே போய் ஸ்விட்சின் ஒன்பது கால்களில் ரெண்டைத் தொட்டால் ஷார்ட்தான். எனவே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறந்தார். மனைவியின் தாய்வீட்டுப் புடவை: முந்தியில் ரெண்டு முள்ளையும் வைத்தார், பீப். இன்னொன்று, அதுவும் பீப். கடைசியாக இவருடைய அப்பா எடுத்துக் கொடுத்த கூறைப்புடவை. சத்தமே இல்லை. இடம் மாற்றி வைத்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார். கம்மென்று கிடந்தது.

"பிளாஸ்டிக் ஜரிகையா?" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. செம்புக் கம்பி சுத்தின போலி ஜரிகைகூட பீப் அடிக்கும். உங்க வீட்டுது அதுவாக்கூட..." என்று விஞ்ஞானம் பேசினார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு மேஜையில் மூடி வைக்கப்பட்டது, பரிமாறப்படவில்லை.

எப்படியோ ஒரு கட்-பீஸ் பட்டில் பெடல் முடிந்தது. அரக்கு நிறம், ஓரத்தில் மாங்காய், மேலே மூன்று பூச்சு கிளியர் லாக்கர். கூடத்தில் தரையில் வைத்துக் காலைத் தூக்கினார்.

"பட்டு மேலயாடா காலை வைக்கிறே?" அம்மாவின் குரல்.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. செருப்பைக் கழற்றிப் பார்த்தார், சாக்ஸ் போட்டுப் பார்த்தார், அம்மா அசையவில்லை. பெடல் மேஜைக்கு ஏறியது. கிட்டாருக்கு ரெண்டு கையும் வேண்டும், மேஜைக்குக் கால் எட்டாது. எனவே இப்போது பெடல் போடும் உத்தியோகம் ஆறாம் வகுப்பு மகனுக்கு. பல்லவி முடியும் இடத்தில் அப்பா தலையை ஆட்டினால் அவன் விரலால் ஸ்விட்சை அமுக்க வேண்டும். அவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே அமுக்குவதால், அனுபல்லவியில்தான் கோரஸ் வருகிறது. சின்ன மாமன் மகன் தன் பேண்டுக்கு ஒரு நாள் இரவல் கேட்டான். "ஷூ போட்டு மிதிப்பியா?" என்றார். "பின்னே?" என்றான். பேச்சு அதோடு முறிந்தது.

மிதிபடாத பெடல்கள் ஷோகேஸில் பெருகிவிட்டன. அடுத்தது வா-வா பெடல். மேல் பலகை ஏறி இறங்கும், ஒட்டினால் கீலில் துணி கிழியும். தைத்துத்தான் போட வேண்டும். நேராகத் தெருமுனை டெய்லரிடம் போய் விளக்கினார். டெய்லர் கழுத்தில் டேப்போடு பொறுமையாகக் கேட்டார்.

"லைனிங் உண்டா?"

"வேணும்."

"கீல் பக்கம் கொஞ்சம் லூஸ் விடணும், இல்லேன்னா கை தூக்க முடியாது... ஐய, பலகை தூக்க முடியாது. அளவுப் பெட்டி கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

எடுத்து வைத்தார். டெய்லர் அதை ரெண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, துணியோடு சேர்த்து மஞ்சள் பையில் போட்டு நம்பர் ஒட்டினார்.

"ஏற்கெனவே தீபாவளித் துணி குவிஞ்சு கிடக்கு. அடுத்த மாசம் வந்து வாங்கிக்குங்க."