பீஸ் அண்ணாச்சி

சங்கரன்கோவிலில் சங்கரநாராயணரைத் தரிசித்து, கோமதியம்மனின் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு ரதவீதிக்கு வருகிறவர்கள், தங்கள் மோட்டார் வண்டியின் பானெட்டை ஒரு சாண் உயரம் தூக்கி வைத்துவிட்டு மௌனமாக நின்றால் போதும். நூறு எண்ணுவதற்குள் பீஸ் அண்ணாச்சி அங்கே பிரசன்னமாகிவிடுவார். அவருக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. வண்டி ஓட்டவும் தெரியாது. எனவே, எந்த வண்டியிடத்தும் பட்சபாதம் இல்லாமல் அபிப்பிராயம் சொல்லக்கூடிய யோக்கியதை இவ்வுலகில் தமக்கு ஒருவருக்கே உண்டு என்பது அவருடைய திடமான நம்பிக்கை. ஒருநாள் நானும் அப்படி வந்து நின்றேன்.

"என்ன தம்பி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இடது பக்கத்து இண்டிகேட்டர் சரியாக எரியவில்லை, அண்ணாச்சி."

"பீஸா இருக்கும்."

நாடியைத் தொடாமலே ரோகத்தைச் சொல்லும் வைத்தியர்களைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நோயாளியின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாமல் சொல்லுகிறவரை அன்றுதான் கண்டேன். வலப்பக்கத்து விளக்கோ, நிமிஷத்துக்கு எண்பது தொண்ணூறு தரம் வெகு ஒழுங்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் மின்சாரம் ஒரே பீஸ் வழியாக, ஒரே பிளாஷர் வழியாகத்தான் போகிறது என்பதையும், பீஸ் போயிருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா அணைந்திருக்க வேண்டும் என்பதையும் நான் விநயத்தோடு விண்ணப்பித்துக்கொண்டேன்.

"அது வலது பக்கம். நாம பேசுறது இடது பக்கமில்லா?" என்றார்.

வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக ஆண்டவன் ஒரே மேனியில் நிற்கும் க்ஷேத்திரத்தில் பிறந்தவருக்கு, ஒரே வண்டியில் வலத்துக்கு ஒரு நியாயமும் இடத்துக்கு ஒரு நியாயமும் இருக்கலாகாதா என்று எண்ணி நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்கள் வாதாடிய ஸ்தலம் அல்லவா? பூக்கூடையுடன் வந்த இன்னொரு பெரியவர் "பல்பு" கட்சியைத் தொடங்கிவைத்தார். அவர் கட்சியில் ஓரளவு சாரம் இருந்தது. ஒரு பல்பு போய்விட்டால், கூட்டாளியை இழந்த மற்றது அவசரம் அவசரமாக அடித்துக்கொள்ளும்படி பல வண்டிகளில் பிளாஷரை அமைத்திருக்கிறார்கள். என் வண்டியிலோ அவசரம் இல்லை. பின்புற விளக்கு மங்கலாக முனகியது. அத்துடன் பக்கத்திலிருந்த வால்விளக்கும் அனுதாபத்தினால் கூடவே சிமிட்டியது.

இதற்குள் அண்ணாச்சி மடியிலிருந்து சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தை எடுத்துவிட்டார். பீஸைச் சுற்ற வேண்டுமாம்! பத்து ஆம்பியர் என்று எழுதிய செந்நிறப் பீஸ், மின்சாரம் எல்லை மீறும்போது தன் பிராணனைக் கொடுத்து வயர்களைக் காப்பதற்கென்றே பிறந்த ஜன்மம். வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி அதைச் சிரஞ்சீவியாக்கிவிட்டால், அப்புறம் தீக்குளிப்பது வயர்களின் முறையாகிவிடும். நான் பீஸ் பெட்டியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

நல்ல வேளையாக எலெக்ட்ரீஷியன் கடைப் பையன் டெஸ்ட் லைட்டோடு வந்தான். ஒன்றும் பேசாமல் பின்விளக்கைக் கழற்றி, துருப்பிடித்திருந்த ஒரு திருகாணியை உப்புத்தாளால் தேய்த்தான். "எர்த்து பிடிக்கல, சார்" என்றான். வருவதற்கு வழி இருந்தும் திரும்புவதற்கு வழி இல்லாத மின்சாரம், அண்டை விளக்கின் இழைக்குள் புகுந்து வெளியேறப் பார்த்திருக்கிறது. வால்விளக்கின் அனுதாபத்துக்கு அதுதான் காரணம்.

"எர்த்துன்னா மண்ணுதானடே?" என்று அண்ணாச்சி பையனைக் கேட்டார்; அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டியதும் என் பக்கம் திரும்பினார். "அம்பாள் மண்ணை உம்ம நெத்தியில மட்டும் பூசினா எப்படி? வண்டிக்கும் ஒரு பொட்டு வச்சிருக்கணும். நான் அப்பவே நினைச்சேன்."

அவர் நினைத்தது பீஸை என்று ஞாபகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வண்டியைக் கிளப்பி, இடப்பக்கம் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டேன். அது அற்புதமாகச் சிமிட்டியது. அப்போதும் அதன்மேல் விசுவாசம் பிறக்காத அண்ணாச்சி, வீதி நடுவில் என்னைப் பார்த்து நின்றுகொண்டு, எனக்கு உபகாரமாகத் தம் இடக்கையை நீட்டி வழிகாட்டினார். எதிரே நிற்பவருடைய இடக்கை எனக்கு வலப்பக்கம். பின்னால் வந்த பேருந்துக்காரர் என் விளக்கை விட்டுவிட்டு, அவர் கையை நம்பினார்.