நாலு போர்டு, ஒரே முட்டி: நாவலூர் டாக்டர்கள் கூட்டுச் சேர ஒரு கையேடு

சென்னை ஓ.எம்.ஆர். சாலையோரம் நாவலூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அபாண்டம். மருந்து கம்பெனி விருந்தில் சந்திக்கிறார்கள். அபார்ட்மென்ட் சங்கம் நடத்தும் இலவச முகாமில் ஒரே ஷாமியானாவின் கீழ் உட்காருகிறார்கள். எல்லோரிடமும் மாறி மாறி வந்து போகும் ஒரே நோயாளியைப் பற்றிப் பேசுவது மட்டும்தான் பாக்கி. அதையும் தொடங்கிவிடலாமா என்று யோசிக்கும் டாக்டர்களுக்குச் சில ஆலோசனைகள்.

முதலில் ஒரு வாட்ஸ்அப் குரூப். அது இல்லாமல் ஓ.எம்.ஆரில் குடிதண்ணீர் லாரிகூட வராது. பெயர் வைக்கத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். 'நாவலூர் டாக்டர்ஸ்' என்றால் தாழம்பூர்க்காரருக்கு வருத்தம். தாழம்பூரைச் சேர்த்தால் ஏகாட்டூர்க்காரர் வெளியேறுவார். யார் அட்மின் என்பதை எம்.டி., டி.எம். என்ற பட்ட வரிசைப்படி தீர்மானிக்கலாம். பல் டாக்டரைச் சேர்ப்பதா, சித்தா டாக்டரைச் சேர்ப்பதா என்ற விவாதத்தை மட்டும் முடித்துவிடாதீர்கள். குரூப் உயிரோடு இருப்பதே அதனால்தான்.

இப்படிக் கூட்டுச் சேர்வதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ஆமாம், இங்கிலாந்தில் 2019 ஜூலையில் அக்கம்பக்கத்து கிளினிக்குகளை 30,000 முதல் 50,000 பேருக்கு ஒரு கூட்டணி என்று சேர்த்தார்கள். மருந்தாளர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களைப் பொதுவில் வைத்துக்கொள்ள அரசே பணம் கொடுத்தது. ஆனால் 30,000 என்பது நமக்கும் பழைய எண்தான். சமவெளியில் அத்தனை பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நம் நாட்டு அளவுகோல். அதற்கும் முன்னால், 1946-லேயே நாட்டின் மருத்துவச் சேவையை ஆராய்ந்த 'போர்' (Bhore) கமிட்டி 40,000 பேருக்கு ஒன்று என்று எழுதி வைத்தது. எண்ணை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது ரெக்கார்டு. இதற்கு நாவலூரில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு: துணிக்கடைப் பை. வேளச்சேரியிலிருந்து மகன் வீட்டுக்குக் குடிவந்த அம்மா ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே முட்டி எக்ஸ்ரே, அதே முட்டிக்கு இன்னொரு கிளினிக் எடுக்கச் சொன்ன இன்னொரு எக்ஸ்ரே, மூன்று லேபின் சர்க்கரை ரிசல்ட், நாலாக மடித்த ஈ.சி.ஜி. அதில் கோடுகள் வெளுத்துப்போய் இதயம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றே தெரியாது. அடியில் மாத்திரை அட்டைகள். மெடிக்கல் ஷாப்பில் அஞ்சு மாத்திரை கேட்டால் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பார்கள். பெயர் அச்சடித்த பாதி கடையிலேயே தங்கிவிடும். "என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?" என்று கேட்டால், "வெள்ளையா, சின்னதா, காலையில ஒண்ணு" என்பார். ஊரில் பாதி மாத்திரை வெள்ளையாக, சின்னதாகத்தான் இருக்கிறது.

இங்கேதான் வேடிக்கை வேடிக்கையாக இல்லாமல் போகிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, அம்லோடிபின் கொடுத்துவிட்டுப் போகிறார். உங்கள் கிளினிக்கில் அதே அம்லோடிபினை வேறு பெயரில் எழுதுகிறீர்கள். அம்மா இரண்டையும் ஒழுங்காக விழுங்குவார். சொன்னதைச் செய்கிறவர் அவர். அப்புறம் ஒருநாள் குளியலறையில் தலை சுற்றும். ஆகவே முதல் கூட்டத்துக்கு அந்தத் தன்னார்வலரைக் கூப்பிட்டு, நடு நாற்காலியில் உட்கார வையுங்கள். எந்த வீட்டில் யார் எதை விழுங்குகிறார் என்பது உங்கள் எல்லோரையும்விட அவருக்குத் தெரியும். நாற்காலி வரிசையில் தகராறு வந்தால் டி.எம்.-ஐ ஓரத்துக்கு நகர்த்தலாம். அவர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார்.

கையெழுத்து பற்றி ஒரு வார்த்தை. மருந்தின் ஜெனரிக் பெயரைப் படிக்கும்படியாக, முடிந்தால் கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே விதி திருத்தப்பட்டது. உங்கள் சீட்டைப் பக்கத்து கிளினிக்காரர் படிக்க முடிந்தாலே பாதிக் கூட்டணி முடிந்தது. இன்றைக்கு அதைப் படிக்கக்கூடிய ஒரே மனிதர் மெடிக்கல் ஷாப் அண்ணன். அவரையும் குரூப்பில் சேர்த்துவிடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். நாவலூர் சுங்கச்சாவடியில் வசூல் 2023 அக்டோபரில் நின்றது. அம்மாவின் முட்டி மட்டும் இன்னும் கிளினிக்குக்குக் கிளினிக் டோல் கட்டிக்கொண்டிருக்கிறது. அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உங்களில் யாரும் வாங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். மற்ற ஊர் டாக்டர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் உதவும் என்றுதான் குறிப்பிட்டேன்.

பேஷன்ட்டைப் பகிர்ந்தால் பேஷன்ட் போய்விடுவாரே என்ற பயத்துக்கு மருந்து சென்னையிலேயே இருக்கிறது. காசநோயில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 1999-ல் இங்கே தொடங்கிய 'ரீச்' அமைப்பு தனியார் டாக்டர்களையும் அரசுக் காசநோய்த் திட்டத்தையும் ஒரு மேஜைக்குக் கொண்டுவந்தது. நோயாளி தன் டாக்டரிடமே இருக்கலாம், மருந்து மட்டும் அரசாங்கத்திடமிருந்து இலவசமாக வரும். 2012-லிருந்து காசநோயாளியைப் பற்றித் தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பின்னால் அதற்கு 500 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. இருமலுக்கு முடிந்தது சர்க்கரைக்கு ஏன் முடியாது என்று குரூப்பில் கேட்டுப் பாருங்கள். இரண்டு நீல டிக் வரும், பதில் வராது.

பதில் வரவழைக்க ஒரு வழி உண்டு: ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை நாலு கிளினிக் போர்டும் இருட்டிவிடும். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே யு-டர்ன் தேடி, பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்குப் போய், ஒரு பாராசிட்டமால் சிரப்போடு திரும்புகிறார்கள். நாலு பேர் முறை வைத்துக்கொண்டால் ஆளுக்கு மாதம் ஒரு ஞாயிறு. யாருக்கு எந்த வாரம் என்பதை நாலு கிளினிக் ஷட்டரிலும் ஒட்டிவிட்டால் போதும். இதற்கு ஆப் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். முதல் வாரம் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குழந்தை டாக்டரின் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள். அவர் இப்போதே எல்லா ஞாயிறும் போனை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.