சும்மா இருப்பதற்குச் சம்பளம்

2023 நவம்பர் 11ஆம் தேதி டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி, மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று துவைத்துக் காயப்போட்டது. மறுநாள் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். தூக்கியதோடு முடிந்ததா என்றால் இல்லை. இனிமேல் மைதானத்துப் பக்கம் வராமல் இருப்பதற்காக அவருக்குச் சுமார் 7.7 கோடி டாலர் கொடுக்க வேண்டும். அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கு மேல். நம்மூரில் வேலை போனவன் பி.எஃப். பணத்துக்கு நடையாய் நடப்பான். இவருக்கு அறுபது நாளுக்குள் 1.9 கோடி டாலர் வீடு தேடி வரும், மீதி வருடா வருடம் 72 லட்சம் டாலர் வீதம் 2031 வரை வந்துகொண்டே இருக்கும்.

இது நம் கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கியபடி ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில் இவர்களுடைய மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கை. மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காரவே மாட்டார்கள். அது அங்கே ஒரு விரதம். இத்தனை பக்தி இருந்தும் அந்த அணி கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1939இல். ஃபிஷர் பொறுப்பேற்ற புதிதில் ஏ அண்ட் எம் குழுமப் பல்கலைக்கழகங்களின் வேந்தர் ஜான் ஷார்ப் அவருக்கு ஒரு தேசிய சாம்பியன்ஷிப் பட்டயத்தைப் பரிசளித்தார். ஆண்டு பொறிக்க வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பிள்ளைக்குப் பெண் பார்க்கும் முன்பே பேரனுக்குக் காது குத்தத் தேதி குறித்த கதை. அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

ஃபிஷர் ஒன்றும் தெரியாதவர் என்று நினைக்க வேண்டாம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் பாபி பவுடன் என்ற பெரியவருக்குப் பின் 2010இல் பொறுப்பேற்று, 2013 சீசனில் 14 ஆட்டத்திலும் வென்று தேசியப் பட்டம் தூக்கியவர். அப்புறம் ஏன் சரிந்தார்? வெற்றி வந்ததும் அதைச் சமைத்துக் கொடுத்த கைகளை மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள். அங்கே அதுதான் வழக்கம். தடுப்பாட்டத்தை வகுத்த ஜெரமி புரூயிட் ஒரே சீசனில் ஜார்ஜியாவுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் தோல்வியே காணாமல் அரையிறுதிவரை வந்த அணி, ஓரிகனிடம் 59-20 என்று நொறுங்கியது. அணியின் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கான ஜேமிஸ் வின்ஸ்டன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார். அவ்வளவுதான், கப்பல் சாயத் தொடங்கியது. 2017இல் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்குக்குக் காயம், உண்மைதான். ஆனால் ஒருவன் விழுந்தால் அணியே விழுமென்றால் அங்கே பயிற்சியாளர் எதற்கு? 5 வெற்றி, 6 தோல்வி என்ற நிலையில், சீசன் முடியும் முன்பே ஃபிஷர் கிளம்பிவிட்டார்.

இப்படிச் சரிந்துகொண்டிருந்தவரைத்தான் டெக்சஸ்காரர்கள் பத்து வருடத்துக்கு 7.5 கோடி டாலர் என்று முழு உத்தரவாதத்தோடு அழைத்து வந்தார்கள். வாங்கியது 2013ஆம் வருட ஃபிஷரை. வந்து இறங்கியது 2017ஆம் வருட ஃபிஷர்.

2020இல் 9 வெற்றி, 1 தோல்வி. கோவிட் காலத்துச் சுருங்கிய சீசன். அது போதும் என்று 2021இல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டினார்கள். சம்பளம் ஆண்டுக்கு 90 லட்சம் டாலரைத் தொட்டது. நீக்கினாலும் மொத்தமும் உண்டு, வேறு வேலையில் சம்பாதித்தாலும் ஒரு டாலரும் கழிக்க முடியாது. இப்படி ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ‘ஏன் இவர் மாறவே மாட்டேன் என்கிறார்’ என்று முகவாயில் கைவைத்து வியந்தார்கள். ஏன் மாற வேண்டும்? அவருடைய பழைய முதலாளி நிக் சேபன், பட்டத்துக்கு மேல் பட்டம் வென்றிருந்தும், காலம் மாறியதும் தன் தாக்குதல் முறையையே புரட்டிப் போட்டார். ஃபிஷர் தன் பழைய தடித்த ஆட்டப்புத்தகத்தை விடவில்லை. எந்த ஆட்டம் ஆடுவது என்று சொல்லும் வேலையையும் 2022 முடியும்வரை இன்னொருவர் கையில் கொடுக்கவில்லை. தடுப்பாட்டத்தைப் பார்த்துக்கொண்ட மைக் எல்கோ 2021 முடிவில் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

2022 செப்டம்பரில் அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணிக்கு 15 லட்சம் டாலர் கொடுத்து வரவழைத்தார்கள். வந்து உதை வாங்கிக்கொண்டு போவதற்கான கூலி அது. நாட்டில் ஆறாவது இடத்தில் இருந்த ஏ அண்ட் எம், சொந்த மைதானத்தில் 17-14 என்று தோற்றது. அறுபது நிமிட ஆட்டத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் பந்து விருந்தாளியின் கையில். கோடிகளைக் கொட்டி வளர்த்த தாக்குதல் அணியால் மொத்தமே 38 முறைதான் ஆட முடிந்தது. விருந்தாளி உதையும் கொடுத்து, காசோலையையும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான். அந்த வருடம் நாட்டிலேயே முதலிடம் என்று தரவரிசையாளர்கள் கொண்டாடிய புதுப் பிள்ளைகள் கூட்டம் இந்த அணியில்தான் சேர்ந்திருந்தது. சீசன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. அந்தப் பிள்ளைகளில் பலர் பிறகு மூட்டை கட்டிக்கொண்டு வேறு கல்லூரிகளுக்குப் போனார்கள். அவர்களைப் பார்த்து ‘விசுவாசம் இல்லாத தலைமுறை’ என்று பெரிய மனிதர்கள் அங்கலாய்த்தார்கள். சீசன் முடியும் முன்பே ஃப்ளோரிடா ஸ்டேட்டை விட்டு ஓடி வந்தவரை வைத்துக்கொண்டு!

விசுவாசம் என்றதும் இன்னொன்று. 2014இல் ஜார்ஜியா அணியின் டாட் கர்லி என்ற மாணவர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்து மூவாயிரம் டாலர் சொச்சம் வாங்கினார் என்று நான்கு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். மாணவன் காசு தொட்டால் கல்வியின் புனிதம் கெட்டுவிடுமாம். முட்டி பெயர்ந்து மூளை கலங்க மோதுகிறவன் கையெழுத்துப் போட்டால் குற்றம். ஓரத்தில் நின்று கத்துகிறவர் கையெழுத்துப் போட்டால் 7.7 கோடி. மாணவர்கள் தம் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலையில்தான் அனுமதி கிடைத்தது. 2025இல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம் என்று வழக்கு முடிந்தபோது போட்ட உச்சவரம்பு, ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நாலு வருடம் தரக்கூடிய பணத்தை ஒரே ஆளை வீட்டுக்கு அனுப்பச் செலவழித்தார்கள். வரிப்பணம் இல்லையாம், விளையாட்டுத் துறையின் வருமானமும் நன்கொடையாளர்கள் தந்ததுமாம். நன்கொடை என்று கொடுத்தால் வரிச்சலுகை உண்டே, அந்தச் சலுகை யார் வீட்டுப் பணம்?

ஃபிஷரின் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கு என்ன ஆயிற்று? ஃபிஷரைக் கூட்டி வந்த விளையாட்டு இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் 2019இல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே பிரையன் கெல்லி என்ற பயிற்சியாளருக்குப் பத்து வருடம், 9.5 கோடி டாலர் என்று அதே சமையலைச் சமைத்தார். உட்வர்டுக்குப் பின் இயக்குநராகி, ஃபிஷருக்கு நீட்டிப்புக் கொடுத்த ராஸ் பியோர்க், அதைவிடப் பெரிய பீடமான ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். தோற்றால் மாணவனுக்கு ஏச்சு, பயிற்சியாளருக்குப் பெட்டி, அதிகாரிக்குப் பதவி உயர்வு. 2025 அக்டோபரில் ஏ அண்ட் எம் அணியே போய் லூசியானாவை 49-25 என்று அடித்தது. மறுநாள் கெல்லி நீக்கம். பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். சில நாளில் உட்வர்டும் வெளியே. உட்வர்ட் ஆக்கிய விருந்துக்கு இரண்டு மாநிலம் மொய் எழுதியது.

அந்த ஏ அண்ட் எம் அணியை அன்று நடத்தியவர் மைக் எல்கோ, டியூக்குக்குப் போயிருந்த அதே எல்கோ. 2025 சீசனின் முதல் 11 ஆட்டத்திலும் வென்றார். அந்த வெற்றிகளின் நடுவிலேயே நிர்வாகம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சீசன் முடியும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல், ஆறு வருடத்துக்குப் புது ஒப்பந்தம். அடுத்த சில வாரத்தில் டெக்சஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றார்கள்.

ஃபிஷர் 2025இல் ஒரு தொலைக்காட்சியில் ஃபுட்பால் விமர்சகராகச் சேர்ந்தார். மற்ற பயிற்சியாளர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று விளக்குவது அவர் வேலை. அதற்கும் சம்பளம் உண்டு. காலேஜ் ஸ்டேஷனிலிருந்து வருகிற 72 லட்சத்தில் அதைக் கழிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை.