செக்ரெட்டரி சாரின் நெற்றிக்கண்

வங்கியில் மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்த்தே காலம் தள்ளிய எங்கள் குடியிருப்பின் செக்ரெட்டரி சார், ஓய்வு பெற்ற பிறகு எங்களைச் சரிபார்க்கிறார். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பியதை ஊரே வேடிக்கை பார்த்தது. காட்டுப்பாக்கத்தில் சார் மட்டும் நிமிரவில்லை. அவர் உலகம் செல்போனுக்குள் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு கேமரா.

விடிந்ததும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் சிவப்பு வட்டம் போட்ட படம் வந்துவிடும். வட்டத்துக்குள் ஒரு பால் பாக்கெட். "எஃப்-2 இன்னும் எடுக்கலை." மத்தியானம் அதே வட்டத்துக்குள் ஒரு ஜோடி செருப்பு.

ராத்திரியில்தான் சாருக்கு உச்சம். கேமராவின் கதகதப்புக்கு வரும் சிலந்தி, லென்ஸுக்கு முன்னாலேயே வலை பின்னும். அகச்சிவப்பு வெளிச்சத்தில் அது வெள்ளைவெளேரென்று ஆளுயரத்துக்குத் தெரியும். அது அசைந்தால் சார் போனில் மணியடிக்கும். சார் எழுந்தால் எங்கள் எல்லார் போனிலும் அடிக்கும். "பி பிளாக் பின்புறம் மர்ம உருவம். யாரும் வெளியே வர வேண்டாம்." கூடவே வீடியோ. எட்டுக் காலோடு ஒரு திருடன் சுவரேறிக்கொண்டிருப்பான். வாட்ச்மேன் ஓடிப்போய் ஒட்டடைக்கோலால் கைது செய்வார். உண்மையிலேயே ஒரு சைக்கிள் காணாமல் போன அன்று பதிவைப் போட்டுப் பார்த்தோம். ராத்திரி முழுக்கச் சிலந்திதான்.

மகளைப் பார்க்க நியூஜெர்சி கிளம்பினார். அப்பாடா என்றிருந்தோம். நமக்கு ராத்திரி என்றால் அங்கே பகல். தூக்கம் கெடாமல் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மொட்டைமாடி டேங்க் வழிவதை அங்கிருந்தே சொல்லி மோட்டாரை நிறுத்த வைத்ததற்குக் கும்பிடு போட வேண்டும்தான். லாரித் தண்ணீர் விலை எங்களுக்கல்லவா தெரியும்!

சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்கள், உலகிலேயே சென்னைக்கு முதலிடம் என்று சர்ஃப்ஷார்க் நிறுவனம் ஒரு பட்டியல் போட்டது. அந்தச் செய்தியைக் குழுவில் பகிர்ந்து, "நம்ம எட்டையும் சேர்த்தாங்களா?" என்று கவலைப்பட்டார். காட்டுப்பாக்கம் திருவள்ளூர் மாவட்டம் என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் போய் எட்டுக் கண்ணும் மூடிக்கொண்டன. சார் டார்ச்சோடு மாடியிறங்கி, வீடு வீடாகத் தண்ணீர் கேன் தூக்கி வந்து வைத்தார். முட்டி வலிக்காரர், தங்கமான மனுஷன். எங்கள் வீட்டு வாசலில் என் முகத்தில் வெளிச்சம் அடித்து, யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு டார்ச்சைக் காலுக்கு இறக்கினார். "அட, நீலச் செருப்பு! எஃப்-5 தானே?"

இதுவரை சிரித்துவிட்டேன். மூன்றாம் மாடிப் பெண் ராமாபுரத்தில் ஐ.டி. வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டி வராத ஒரு ராத்திரி, கூட வேலை செய்யும் பையன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். 11.48 என்று நேரம் விழுந்த படம் குழுவில் வந்தது. பழைய ஆபீஸ் பழக்கத்தில் கீழே ஒரே சொல்: "பார்வைக்கு." யார் பார்வைக்கு சார்? அவள் அப்பாவும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். மாசாமாசம் அவர் கட்டும் மெயின்டனன்ஸிலும்தான் அந்தக் கேமரா ஓடுகிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள்.

அவள் இப்போது பின்பக்க கேட்டில் இறங்கிக்கொள்கிறாள். அங்கே தெருவிளக்கு கிடையாது, கேமராவும் கிடையாது. சார் ஒன்பதாவதுக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறார்.