அர்ச்சனைத் தட்டும் கோளரங்கமும்

பிள்ளைகளுக்காகத்தான் கோளரங்கம் போகிறோம் என்பது பெற்றோர் கூசாமல் சொல்லும் பொய்களில் ஒன்று. சென்னை கோட்டூர்புரத்தில் 1988இல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கத்துக்கு உண்மையில் போயாக வேண்டியவர்கள் பெரியவர்கள்; பிள்ளைகள் துணைக்கு வரலாம். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் பெயர், நட்சத்திரம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற நாம், அந்த நட்சத்திரத்தை ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கேட்டையில் பிறந்த பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று வரனைத் தட்டிக் கழிக்கிறோம். கேட்டையோ விருச்சிகத்தின் நெஞ்சில் செக்கச்செவேலென்று எரியும், சூரியனைவிடப் பல நூறு மடங்கு அகலமான விண்மீன். அதன் ஒளி இங்கே வந்து சேரவே 500 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அத்தனை தூரம் பிரயாணம் பண்ணி வந்து தாம்பரத்தில் ஓர் அண்ணனைக் கெடுக்க அதற்கு என்ன வேண்டுதலோ!

ஜோதிடம் தெரிந்தவர்கள் மறுப்பார்கள். நட்சத்திரம் என்பது அந்த ஒற்றை விண்மீன் அல்ல, நிலவின் பாதையை 27 ஆக வகுத்ததில் ஒரு பங்கு, 13 பாகை 20 கலை என்பார்கள். நியாயமான மறுப்புதான். ஆனால் அந்தப் பங்குக்கு அடையாளமாக ஒரு மீனைக் குறித்தவர் அண்ணாந்து பார்த்துத்தானே குறித்திருப்பார்? நாம் காலண்டர் தாளைக் கிழிப்பதோடு சரி. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லாமல் கிடந்தது. வெடிக்கப் போகிறதோ என்று வானியலாளர்கள் தூக்கம் கெட்டார்கள். அது தானே கக்கிய தூசுதான் மறைத்தது என்று பிறகு தெரிந்தது. நம் திருவாதிரைக்காரர்கள் ஒரு நெய்விளக்குகூட ஏற்றியதாகத் தெரியவில்லை.

மொட்டை மாடி இருக்கும்போது டிக்கெட் எதற்கு என்று கேட்கலாம். தை மாத முன்னிரவில் ரோகிணியும் திருவாதிரையும் சென்னை வானத்திலேயே நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் எது எதுவென்று காட்ட அங்கே ஆள் இல்லை. கோளரங்கத்தில் அம்புக்குறி வைத்துக் காட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டட விளக்கும் மேகமும் குறுக்கே வருவதில்லை. குளிரூட்டிய இருட்டில், சாய்ந்த நாற்காலியில் பெரியவர்கள் தூங்கிவிடுகிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். இதற்குத்தான் பிள்ளைகள் துணைக்கு வேண்டும் என்றேன். ஒண்ணுக்கு வருகிறது என்று கையை இழுக்கிற குழந்தை பக்கத்தில் இருக்கும்வரை எவரும் குறட்டைவரை போய்விட முடியாது.

ரேவதிக்காரர்கள்தான் பாவம். அவர்களுடைய மீன் நகரத்து வானத்தில் வெறுங்கண்ணுக்கு அகப்படாத அளவு மங்கல். கோளரங்கத்திலும் அது கடுகளவுதான். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போகட்டும்.